வலது கைக்கு வளையல் கிடையாது

வலிப்பு வருவது என்னவோ மாதத்தில் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்காக மாதம் முழுக்க, காலையும் இரவும் மாத்திரை விழுங்க வேண்டியிருக்கிறது. எப்போதோ வரப்போகும் திருடனுக்காகத் தினமும் வாசலில் உட்கார்ந்திருக்கும் கூர்க்காவைப் போல மருந்து இரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வயிற்றில் பிள்ளை இல்லாதவரை இதனால் பெரிய தொல்லை இல்லை. பிள்ளை இருந்தால், சில பழைய மருந்துகள் அதன் மூளை உருவாகிற இடத்தில் கை வைத்துவிடும். பிறகு பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமாகும், படிப்பு ஏறாது. சரி என்று மாத்திரையை நிறுத்தினால் தாய் விழுவாள். அது இரண்டு பேருக்கும் ஆபத்து.

திருடன் சுவரேறும்போது மட்டும் கூர்க்காவைக் கூப்பிட்டால் என்ன என்று ஒரு கம்பெனிக்கு யோசனை வந்தது. தோளில் தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு மருந்து டப்பா, மணிக்கட்டில் ஒரு பட்டை. வலிப்பின் முதல் துடிப்பைப் பட்டை கண்டுபிடிக்கும், டப்பா மருந்தை இறக்கும். அதற்கு முன்னறிவான் என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது வெறும் பட்டைதான்.

பாளையங்கோட்டையில் அந்தப் பட்டையை முதலில் கட்டிக்கொண்டவர்களில் நித்திலாவும் ஒருத்தி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. புதிய மாத்திரைகள் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை, பழையதுதான் கேட்டது. நரம்பியல் மருத்துவர் ஜெசிந்தா அவளை எதிரில் உட்காரவைத்துக் கேட்டார்.

"ஒனக்கு வலிப்பு எங்க ஆரம்பிக்கி?"

"வலது கைல டாக்டர். மொத சுண்டுவிரல் துடிக்கும், அப்புறம் மணிக்கட்டு. அதுக்கு மேல எனக்கு ஞாபகம் இருக்காது."

"அந்தத் துடிப்பத்தான் இது பிடிச்சிக்கிடும். பிடிச்ச ஒடனே மருந்து எறங்கிரும், நீ விழமாட்ட. தெனமும் மாத்திரை போடுததோட பாத்தா, பிள்ளைக்குப் போறது பேருக்குக் கொஞ்சம்தான்."

"எடது கைல கட்டலாமா? அதுன்னா வாட்ச்னு நெனைச்சிக்கிடுவாவ. வலது கைல இருந்தா வீட்டுல கேப்பாவ."

"துடிக்கது எந்தக் கையோ அந்தக் கைலதான் கட்டணும். ஏன், வீட்டுல தெரியாதா?"

நித்திலா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெசிந்தாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரிடம் வருகிற பெண்களில் பாதிப்பேருக்கு வீட்டில் தெரியாது.

கணவன் கார்த்தீசனுக்குத் தெரியும். நிச்சயத்துக்கு முந்தின வாரமே நித்திலா அவனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவன் கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட மட்டும் இப்ப வேண்டாம். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆவட்டும். வீட்டுல ஒருத்திக்கு வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா அபிநயாவப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?"

நித்திலாவுக்கு அது நியாயமாகவே பட்டது. இவ்வளவு நல்லவனுக்கு இந்த ஒரு உதவியைக்கூடச் செய்யக் கூடாதா என்று நினைத்தாள். அபிநயா சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், விடுமுறைக்குத்தான் வருவாள். வரும்போதெல்லாம் "மைனி, மைனி" என்று நித்திலாவின் பின்னாலேயே திரிவாள். அவளுக்காகப் பொய் சொல்வதில் நித்திலாவுக்கு வருத்தம் இருக்கவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். நித்திலாவுக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள ஓர் அண்ணன்தான், அவனும் துபாயில். அதனால் பிரசவம் மாமியார் வீட்டிலேயே என்று ஆகியிருந்தது. மாமியார் உலகம்மாள் ஊரையே கூப்பிட்டிருந்தாள்.

"அந்த வாட்ச கழட்டேன்டி, வளையல் நெறைய போடலாம்."

"பிள்ளையோட நாடி பாக்கதுக்கு டாக்டர் மாட்டி விட்டது அத்தை. கழட்டக் கூடாது."

"என்னத்தயோ மாட்டுதாவ" என்று உலகம்மாள் விட்டுவிட்டாள். வேப்பங்காப்பைப் போட்டபின் அபிநயாதான் கண்ணாடி வளையல்களை அடுக்கினாள். பட்டைக்கு மேலே முழங்கை வரை, இரண்டு கையிலும். பிரசவம்வரை ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது, உடைந்தால் தானாக உடையட்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

மறுநாளே நித்திலாவுக்குச் சந்தேகம் வந்தது. மருந்து இறங்கும்போது பட்டை லேசாக அதிரும். அதுவரை எப்போதாவது ஒருமுறை அதிர்ந்துகொண்டிருந்தது. இப்போது மாவு கரைத்தால் அதிர்ந்தது, துணி பிழிந்தால் அதிர்ந்தது. டப்பாவில் மருந்து நிரப்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த பெண்ணிடம் சொன்னாள். அவள் திரையைப் பார்த்துவிட்டு, "சூப்பரா வேல செய்யுதுக்கா. எவ்வளவு வலிப்ப தடுத்துருக்கு பாருங்க" என்றாள். கம்பெனியிலிருந்து பாராட்டுச் செய்திகூட வந்தது. முன்னறிவான் இவ்வளவு வலிப்புகளைத் தடுத்த தாய் இந்த மாநிலத்திலேயே வேறு யாரும் இல்லையாம்.

அன்று மாலை கார்த்தீசனிடம் கேட்டாள். "வளையல் குலுங்குதப்பதான் இது அதிருதுன்னு நெனைக்கேன். வலது கைல உள்ளத மட்டும் கழட்டிரட்டா?"

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரப் போவுது? இப்பக் கழட்டுனா அம்மா ஏன்னு கேப்பா. அபிக்கு ரெண்டு எடத்துல பேசிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான, பொறுத்துக்கிடு."

அவள் பொறுத்துக்கொண்டாள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. துகிரா என்று பெயர் வைத்தார்கள். அழகான குழந்தைதான். ஒரு வயதில் திரும்பிப் பார்க்க வேண்டிய குரலுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வயதில் பேசவில்லை. மூன்றாவது வயதில் 'ம்மா' வந்தது, பிறகு 'ப்பா'.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது" என்று உலகம்மாள் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். நித்திலா அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிரசவத்துக்குப் பிறகு பட்டையைக் கழற்றிவிட்டு மாத்திரைக்கே திரும்பியிருந்தாள். ஒருநாள் மாத்திரை மறந்து, அடுப்படியிலேயே விழுந்தாள். கண் விழித்தபோது உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்திருந்தாள். இரும்புச் சாவி, கரண்டி என்று எதையும் கையில் திணிக்கவில்லை. இவ்வளவு சரியாகச் செய்யத் தெரிந்திருக்கிறதே என்று நித்திலாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தாள். உலகம்மாள் திட்டவில்லை. "வெளிய யாரும் கேட்டா மயக்கம்னு சொல்லு" என்றதோடு சரி.

இதற்கிடையில் ஜெசிந்தாவுக்குத் தூக்கம் கெட்டிருந்தது. தெற்கு மாவட்டங்களில் பட்டை கட்டிய தாய்மாரின் பிள்ளைகளில் பலருக்குப் பேச்சு வரவில்லை. வெளிநாட்டில் சோதித்தபோது அப்படி ஒரு பிள்ளைகூட இல்லை. கம்பெனியிடம் கேட்டால், உங்கள் ஊர்த் தண்ணீராக இருக்கலாம் என்றார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்வதாலோ என்றும் கேட்டார்கள். பழி போட நம் ஊரில் எப்போதும் இரண்டு மூன்று காரணங்கள் தயாராக இருக்கின்றன.

பதில் ஒரு முற்பகலில் தானாக நடந்து வந்தது. வளைகாப்பு முடிந்த கையோடு ஒரு பெண் வந்திருந்தாள். மின்சாரம் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு அட்டையால் விசிறிக்கொண்டாள். கை நிறைய வளையல் சலசலத்தது. பட்டையில் பச்சை விளக்கு ஆரஞ்சானது, மருந்து இறங்குகிறது என்று அடையாளம்.

"நிறுத்தும்மா" என்றார் ஜெசிந்தா. விளக்கு பச்சையானது. "இப்ப மறுபடியும் விசிறு." ஆரஞ்சு.

கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் படபடவென்று தட்டுவதும், வலிப்பில் கை துடிப்பதும் அந்தப் பட்டைக்கு ஒன்றுதான். தடுத்ததாகச் சொன்ன வலிப்புகள் எதுவும் வலிப்பே இல்லை. கை அசையும்போதெல்லாம், வராத வலிப்புக்கு மருந்து இறங்கியிருக்கிறது.

நித்திலாவை வரவழைத்து ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ தோசை சுடும்போதும் எறங்கிருக்கும்?"

"ஆமா."

"கொசு விரட்டும்போது?"

"ஆமாம்மா."

"வயித்தத் தடவிக் குடுப்பேன் டாக்டர். உள்ள பிள்ள ஒதைக்கும்போதெல்லாம் தடவிக் குடுப்பேன். அப்பவும் வளையல் குலுங்கும்லா?"

நித்திலா அன்று அழுத அழுகைக்கு, வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கம்பெனி சென்னையிலிருந்து வித்யாதர் என்ற பொறியாளரை அனுப்பியது. மரியாதையான மனிதர். காபியைக்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

"ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"பூர்வீகம் கும்பகோணம், டாக்டர்."

"அப்போ வளைகாப்பு தெரியும்லா?"

"தெரியாம என்ன? என் வைஃபுக்கே பெரிய மண்டபத்துல வச்சு நடந்துச்சு."

"பொறவு எப்படி வளையல் ஞாபகம் வராமப் போச்சு?"

வித்யாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது லேடீஸ் ஃபங்ஷன் டாக்டர். நாங்கல்லாம் வெளிய சேர் போட்டு உக்காந்து பேசிட்டிருந்தோம். சாப்பாட்டுக்குத்தான் உள்ள போனேன்."

"ஒங்க டீம்ல பொம்பளைங்களே இல்லையா?"

"இருக்காங்க. ஸ்வீடன்ல ரெண்டு பேர், கொரியால ஒருத்தங்க."

"சரி, வளையல் ஆட்டத்த மட்டும் கண்டுக்காதன்னு மெஷினுக்குச் சொல்ல முடியாதா?"

"சொல்லிப் பாத்துட்டோம். அப்புறம் அந்தக் கை நெஜமாவே துடிச்சாலும் கண்டுக்க மாட்டேங்குது. கால்ல கட்டலாம்னா, மாசம் ஏற ஏற கால் வீங்கிடுது. இப்போதைக்கு, பட்டை கட்டின கையில வளையல் போடாதீங்கன்னு சொல்லிடலாம். அதுதான் சுலபம்."

சுலபமாம். அறிவிப்பு எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஏறியது, செய்தியிலும் வந்தது. அவ்வளவுதான், ஊருக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. எந்த வளைகாப்புக்குப் போனாலும் பெண்கள் முதலில் வலது கையையும் இடது கையையும் பார்த்தார்கள். ஒரு கை வெறுமையாக இருந்தால் அடுத்த தெருவுக்கு வியாதியின் பெயர் போய்ச் சேர்ந்தது. சில பெண்கள் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையிலும் வளையல் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி மாடிப்படியில் விழுந்தாள். பட்டை வாங்கித் தருகிற அரசாங்கமோ, விற்கிற கம்பெனியோ இதற்கு என்ன செய்ய முடியும்?

துகிராவுக்கு ஐந்து வயதாகும்போது நித்திலா மறுபடியும் கர்ப்பமானாள். பட்டை மறுபடியும் வலது கையில் ஏறியது. இந்த முறை அது எதற்கு என்று உலகம்மாளுக்கும் தெரியும். அதே சமயத்தில் அபிநயாவுக்கும் வரன் குதிர்ந்தது. மாப்பிள்ளை அவளோடு சென்னையில் வேலை பார்ப்பவர். அவருடைய அம்மா பிரேமா, சாந்திநகரில் நாலுபேர் மதிக்கிற மனுஷி. ஆவணியில் கல்யாணம், ஆனியில் நித்திலாவின் வளைகாப்பு.

உலகம்மாள் ஒருநாள் நித்திலாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒரு மணி நேரம் அந்த மிஷின கழட்டி வச்சிட்டு ரெண்டு கைலயும் வளையல் போட்டுக்கிடேன். சம்மந்தக்காரி வாரா."

"அந்த ஒரு மணி நேரத்துல விழுந்தேன்னா? பொறவு வளையல எப்ப கழட்டுததாம்?"

"பிரசவம் ஆனதும்…"

"அத்தை, துகிராவப் பாத்துக்கிட்டேதான் சொல்லுதீயளா?"

உலகம்மாள் பார்க்கவில்லை. "அபியோட வாழ்க்கைடி" என்றாள். குரல் உடைந்திருந்தது. அந்தக் குரலைக் கேட்டு நித்திலாவுக்கே பாவமாகப் போய்விட்டது. ஒரு பெண்ணைக் கரையேற்ற நினைக்கும் தாயிடம் எப்படிக் கோபப்படுவது? கார்த்தீசனிடம் கேட்டாள். "ஒன் இஷ்டம்" என்றான். ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் வாசலில் பந்தலின் கீழ் இருந்தார்கள். உள்ளே கூடம் கொள்ளாத பெண்கள். உலகம்மாள் வேப்பங்காப்போடு வந்து, வேண்டுமென்றே வலது கையைப் பிடித்தாள். நித்திலா கையை இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

"இன்னைக்கு ஒரு நாள்…" என்றாள் உலகம்மாள், உதடு அசையாமல்.

நித்திலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படிப் பேசினாள்.

"எனக்கு வலிப்பு இருக்கு. அதுக்குத்தான் இந்தக் கைல மிஷின் கட்டிருக்கு. இதுல வளையல் பட்டா வயித்துல உள்ள பிள்ளைக்கு மருந்து எறங்கும். மூத்தவளுக்கு அப்படித்தான் எறங்கிச்சி. அதனால எல்லாரும் எடது கைலயே போட்டு விடுங்க."

அடுப்படியில் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாலைந்து பெண்கள் பந்தியைப் பார்க்கிற சாக்கில் நழுவினார்கள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் வளையல் போட்டார்கள். பயந்த அளவுக்கு எதுவும் நடந்துவிடவில்லை என்று நித்திலாவுக்குத் தோன்றியது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பிரேமா எழுந்து வந்தாள். உலகம்மாள் சுவரோடு சுவராக நின்றாள்.

"என்னத்துக்கு மொகத்த இப்படி வச்சிருக்கிய?" என்று பிரேமா உலகம்மாளிடம் சிரித்தாள். "இது வீட்டுக்கு வந்த மருமவளுக்கு உள்ளது. ஒங்க பொண்ணுக்கு இல்லேல்லா? எனக்கு அது போதும்." தட்டிலிருந்து கை நிறைய வளையல்களை அள்ளினாள். "அடுத்த வருசம் எங்க வீட்டுலதான் இது. வா கண்ணு, ஒனக்கு நானே போடுதேன்."

அபிநயாவின் வலது கையைப் பிடித்தாள். அபிநயா முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அந்த வெயிலில் முழுக்கை எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. கையை அப்படியே கொடுத்திருக்கலாம். அவள் வயிற்றில் பிள்ளை இல்லை, கொஞ்சம் மருந்து வீணாக இறங்கியிருக்கும், அவ்வளவுதான். அவள் நித்திலாவைப் பார்த்தாள்.

"அந்தக் கை வேண்டாம் அத்தை" என்றாள் பிரேமாவிடம். சட்டைக் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டில் பட்டை பச்சையாக எரிந்தது.

"ஏட்டி அபி!" என்று உலகம்மாள் அலறினாள்.

"இது எப்பலேருந்து?" என்று கேட்டாள் பிரேமா.

"வலிப்பு எட்டாம் வகுப்புலேருந்து இருக்கு. கல்யாணத்துக்கு முந்தியே மாத்திரைய நிறுத்திட்டு இத கட்டணும்னு டாக்டர் சொன்னாவ. ஒங்க மவன்கிட்ட மொத நாளே சொல்லிட்டேன். அவங்கதான், அம்மாகிட்ட இப்ப வேண்டாம்னு சொன்னாவ."

பிரேமாவின் முகம் சிவந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் துகிரா, சிந்திக் கிடந்த வளையல்களை நிறம் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரேமா அவளையே பார்த்தாள்.

"இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வராதது இதனாலதானா?"

"ஆமா" என்றாள் நித்திலா.

பிரேமா கையிலிருந்த வளையல்களைத் தட்டில் போட்டாள். போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வளையல்களில் சிலவற்றைத் திரும்ப எடுத்தாள். "எடது கையக் குடு" என்றாள் அபிநயாவிடம். "அவன்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

கூடத்தில் மூச்சு வந்தது. அபிநயா அழுதாள், உலகம்மாள் அழுதாள். நித்திலாவுக்கு அழுகை வரவில்லை. எட்டாம் வகுப்பு என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பு அது. அத்தைக்குத் தெரியும். அபிக்குத் தெரியும். அவளுடைய வியாதியை மறைக்கச் சொன்னவனுக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். கார்த்தீசன் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான். துகிராவும் வளையல்களை விட்டுவிட்டு அம்மாவின் பின்னாலேயே வந்திருந்தாள்.

"அன்னைக்கு வலது கை வளையல கழட்டிரட்டான்னு ஒங்ககிட்ட கேட்டேன்" என்றாள் நித்திலா. "அபிக்காகன்னு சொன்னீய. அபிக்கு என்னன்னு ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லிருந்தா, அத்தைக்கும் இது தெரிஞ்சதுதானன்னு பயமில்லாம நானே போயி சொல்லிட்டு அப்பவே கழட்டிருப்பேன்லா?"

கார்த்தீசன் உள்ளே பார்த்தான். தங்கையின் ஏற்றிய சட்டைக் கையும் பச்சை விளக்கும் தெரிந்தன.

துகிரா அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து "ப்பா" என்றாள். அதற்கும் அவனிடமிருந்து பதில் வரவில்லை.